பதினொன்றாம் வரி

பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் வழியே நுழைந்து கணினித் திரையை வெளிறச் செய்கிறது. அண்ணன் திரையைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி தட்டுகிறான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று அவன் உருவாக்கிய கணினி நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு இன்னும் சிறிது நேரத்தில் வெளியாகப் போகிறது. பின்னால் நிற்கும் தங்கை, மாற்றங்களின் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து பதினொன்றாம் வரியில் நிற்கிறாள். பெரிய கோப்புகளைத் திறந்தால் உறைந்துபோகும் கோளாறு நீங்கியது என்கிறது அந்த வரி. ஆறு வாரம் அவள் மல்லுக்கட்டி எழுதிய திருத்தம் அது. பக்கத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது.

“இது நான் எழுதினது.”

“வீட்டுக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?” அவன் திரும்பவில்லை. “மொழி என்னோடது. நாலு வரி ஒட்டுப் போட்டதுக்கு உன்னைத் தலைல தூக்கி வெச்சுக்கணுமா?”

மின்விசிறி கிரீச்சிடுகிறது. அவன் வெளியிடும் பொத்தானை அழுத்துகிறான். பச்சைக் கோடு ஒன்று திரையின் குறுக்கே ஊர்ந்து நிரம்புகிறது. முதல் நிமிடத்திலேயே நாற்பது பேர் பதிவிறக்கிக்கொள்கிறார்கள். அவன் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறிக்கிறான்.

“அந்தத் திருத்தத்துல ஒரு பிழை இருக்கு,” என்கிறாள் தங்கை. “கோப்போட கடைசிப் பக்கத்தை அழிச்சிடும். காலைலதான் கண்டுபிடிச்சேன். சொல்லத்தான் வந்தேன்.”

இப்போதுதான் அவன் திரும்புகிறான். “எந்த இடத்துல?”

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொள்கிறாள்.

“எழுதினவரைக் கேளுண்ணா.”