மேடம் சொல்றாங்க

"இங்க யாருக்காவது ஹிந்தி தெரியுமா?"

சாப்பாட்டுக் கூடத்தில் இலை நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்றவர் மாதவராஜ், புளி வியாபாரிகள் சங்கத் தலைவர். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவருடைய கிடங்கில் புளி தட்டிக் கொட்டை எடுப்பவர்கள். சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்காக இன்று பந்தி வேலைக்கு வந்திருந்தார்கள்.

மாதவராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. புனேயிலிருந்து சிறப்புப் பேச்சாளராக டாக்டர் வசுதா வந்து இறங்கிவிட்டார். மொழிபெயர்க்க ஒப்புக்கொண்ட வாத்தியாருக்கோ காலையிலிருந்து காய்ச்சல். பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்தில் முந்நூறு வியாபாரிகள் காத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று சுல்தானா எழுந்தாள்.

பதினைந்து வயது வரை அவள் வளர்ந்தது ஹைதராபாத்தில். வாக்கப்பட்டு வந்த பிறகு பன்னிரண்டு வருஷமாகப் புளிதான். மாதவராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழியில்லை. மேடம் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், கூடக் குறையச் சொல்லக் கூடாது என்று எச்சரித்து மேடைக்கு அழைத்துப் போனார்.

சுல்தானா கையில் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. தன் குரலே மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் திரும்பி வந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஈரப்பதம், நார், நிறம் என்று வசுதா ஹிந்தியில் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். வியாபாரிகள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு வசுதா, "ஏற்றுமதிக்குச் சுத்தம்தான் முதல்" என்றார்.

சுல்தானாவின் கண் மண்டபத்தின் பின்வாசலுக்குப் போனது. சாம்பார் வாளியோடு குள்ளம்மாள் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தாள். போன வாரம் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் முள்ளுக்காட்டுக்கு அவசரமாக ஒதுங்கப் போனவள், கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டாள். இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. கக்கூசு கட்டித் தரச் சொல்லி நாலு வருஷமாகக் கேட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

சுல்தானா மைக்கை நெருக்கிப் பிடித்தாள்.

"ஏற்றுமதிக்குச் சுத்தம்தான் முதல்னு மேடம் சொல்றாங்க. வெளிநாட்டுக்காரன் வந்தா முதல்ல புளியைப் பார்க்க மாட்டானாம். புளி உடைக்கிற கையைப் பார்ப்பானாம். இந்தக் கையைக் கழுவத் தண்ணி எங்க, இவங்க ஒதுங்க இடம் எங்கன்னுதான் கேப்பானாம்."

வசுதா ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பேக்கிங் பற்றி அவர் இரண்டு வாக்கியம் சொன்னார். சுல்தானா ஆறு வாக்கியம் சொன்னாள். நாள் முழுக்கத் தரையில் குந்தி வேலை செய்கிறவர்களுக்குப் பலகை வேண்டும் என்றாள். புளிப்பில் விரல் வெந்துபோகாமல் இருக்க உறை வேண்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மறக்காமல் "மேடம் சொல்றாங்க" சேர்த்தாள்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ஜாவீத் பாயைப் பார்த்தாள். தர்மபுரி வியாபாரி. வீட்டில் உருதுதான் பேசுவார். வசுதா பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் கண்கொட்டாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தாள்.

ஜாவீத் பாய் மெல்ல எழுந்தார். எழுந்து, கைதட்டினார். அதைப் பார்த்து அவர் வரிசையே தட்டியது. பிறகு மண்டபமே தட்டியது.

மாதவராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவரும் ஒரு மைக்கை வாங்கி, "எத்தனை பேருக்கு ஒரு கக்கூசு இருக்கணும்னு மேடத்தைக் கேளும்மா" என்றார்.

இதை எப்படி ஹிந்தியில் கேட்பது? மேடம் எப்போது கக்கூசைப் பற்றிப் பேசினார்? குட்டு வெளிப்பட்டுவிடுமே. ஒரு நொடி திணறிய சுல்தானா, குளிர்கிடங்கில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டு வைத்தாள்.

வசுதா பத்து விரலையும் விரித்துத் தூக்கிக் காட்டினார். "தஸ்."

"பத்துப் பேருக்கு ஒண்ணுங்க" என்றாள் சுல்தானா, போன உயிர் திரும்பி வந்தவளாக.

அடுத்த சீசனுக்குள் சங்கத்து உறுப்பினர்கள் எல்லாருடைய கிடங்கிலும் கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், உட்காரப் பலகை. தீர்மானம் அந்த மேடையிலேயே நிறைவேறியது. முதல் கட்டடம் தன்னுடைய கிடங்கில்தான் என்று மாதவராஜ் அறிவித்தார். பின்வாசலில் குள்ளம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விசில் அடித்தாள்.

கூட்டம் பந்திக்குக் கலைந்தது. வசுதா சுல்தானாவின் கையைப் பிடித்து மேடையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஹிந்தியில் தொடங்கினாள்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் வசுதா, தமிழில். "கோயம்புத்தூர்ல எட்டு வருஷம் இருந்தவ நான். முதல் நாலு வரி ஹிந்தியில பேசிட்டு, அப்புறம் தமிழுக்கு மாறி எல்லாரையும் அசத்தணும்னுதான் வந்தேன். மாறியிருந்தா, உங்க பேச்சை இங்க யாரு கேட்டிருப்பாங்க?"