கழுத்தில் ஒரு கொடி

"கொஞ்சம் இப்படித் திரும்புங்களேன். குத்தும்போது ரொம்ப வலிச்சுதா?"

கேட்டவர் கண் டாக்டர். கேட்டது அக்காவை அல்ல, தங்கையை.

அக்கா அந்தக் கண்ணாடிக் கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, "இந்த ஃப்ரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்வது அவள் வேலை. பின்னறையில் கண் பரிசோதிக்கும் இளம் டாக்டர் இந்த மூன்று வருடத்தில் அவளிடம் பேசியதெல்லாம், "அடுத்த ஆளை அனுப்புங்க" மட்டும்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவள் தினமும் கூடக் கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வருவாள்.

அக்காவைக் கூட்டிப்போக வந்த தங்கை கடைக்குள் கால் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் அறையை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

எல்லாம் அந்தக் கழுத்துக்காக. காதுக்குப் பின்னாலிருந்து இறங்கி, கழுத்தை வளைத்து, தோள்பட்டை எலும்பில் சுருண்டு நிற்கும் ஒரு பட்டாணிக் கொடி. கேக் கடையில் க்ரீமால் பூ வரைகிற தங்கை, தானே வரைந்து கொண்டுபோய்ப் போட்டுக்கொண்ட டாட்டூ. போதாக்குறைக்குத் தலையில் ஒரு பக்கம் ஒட்ட வழித்து, மறுபக்கம் மயில்நீல முடி.

"தங்கச்சி இருக்கான்னு சொன்னீங்க. இப்படின்னு சொல்லவே இல்லையே!" என்றாள் கல்லாவில் இருந்தவள்.

அக்கா சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

"ஊரே உன்னையே பாக்கணும், அதானே உனக்கு?"

"பாக்கட்டுமே. அதுல உனக்கென்ன?"

"எனக்கென்னவா? மூணு வருஷமா அந்த டாக்டர் என்னை நிமிர்ந்து பாத்ததில்ல. உன்னைக் கண்டதும் ஓடி வந்து இளிக்கிறார்."

"ஐயோ, அந்த ஆளையா சொல்ற? எனக்கு எதுக்குக்கா அவர்? நீயே வச்சுக்கோ."

"வச்சுக்கறதுக்கு அவர் என்ன, நீ போட்டுக் கழிச்ச செருப்பா?"

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதில் அக்காவுக்கு இன்னும் ஏறிவிட்டது.

"சிரிக்காதே. நானும் போட்டுக்கப் போறேன். இதே கொடி, இதே இடத்துல."

தங்கையின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"வேணாம்க்கா."

"ஏன்? கொடிக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா?"

"நீ வேற எது வேணாலும் பண்ணிக்கோ. மூக்குல வளையம் மாட்டிக்கோ, மொட்டை அடிச்சுக்கோ, நானே கூட வரேன். இது மட்டும் வேணாம்."

"பாத்தியா! நீ மட்டும் தனியாத் தெரியணும். நான் உன் பக்கத்துல தூண் மாதிரி நிக்கணும்."

தங்கை துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்து, குனிந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா பின்னாலிருந்து சத்தமில்லாமல் அந்தக் கழுத்தைப் போனில் படம் பிடித்தாள்.

சின்ன வயதிலிருந்து எதிலும் முதலில் வருவது அக்காவின் பெயர்தான். பள்ளிக்கூட வருகைப் பதிவில், உறவுக்காரர்கள் வாயில், எங்கேயும். இப்போது தெருவில் போனால், "நீலமுடியோட அக்காதானே நீ?" என்கிறார்கள். அதை எப்படிப் பொறுப்பது?

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, தங்கை போன அதே டாட்டூ கடைக்குப் போனாள்.

கடைக்காரம்மாவின் இரண்டு கைகளிலும் விரல்நுனி வரை மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. உள்ளே வந்தவளை அந்தம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, முன்பே சொல்லிவிட்டு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல, "உட்காரும்மா" என்றாள்.

அக்கா போனை நீட்டினாள். "இதே மாதிரி வேணும். ஒரு இலைகூட மாறக் கூடாது."

அந்தம்மா படத்தைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது முடியாதும்மா."

"ஏன், என் தோலுக்கு ஒத்துக்காதா?"

"தோலுக்கென்ன, தங்கமா இருக்கு."

"அப்புறம்? வலிக்கு எல்லாம் நான் பயப்பட மாட்டேன்."

"வேற நூறு டிசைன் இருக்கு. மயில் இருக்கு, பட்டாம்பூச்சி இருக்கு. எது வேணும்னாலும் இப்பவே போட்டு விடறேன்."

"எனக்கு இதுதான் வேணும்!" அக்கா போனை மறுபடி நீட்டினாள். "இது இருக்கறதாலதானே எல்லாரும் அவளைத் திரும்பிப் பாக்கறாங்க? என்னையும் ஒருத்தராவது பாக்கட்டுமேங்க."

கடைக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கொடியை வரைஞ்சு எடுத்துட்டு வந்த பொண்ணு, ஊசி வைக்கறதுக்கு முன்னாடியே என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாம்மா."

"என்ன சத்தியம்?"

"'வேற யார் கேட்டாலும் இதைப் போட்டு விடுங்க, எனக்குக் கவலையில்ல. ஆனா என்னைவிட ஆறு நிமிஷம் மூத்தவ ஒருத்தி, அச்சு அசல் என் முகத்தோட ஒருநாள் உங்க முன்னாடி வந்து நிப்பா. அவளுக்கு மட்டும் போடாதீங்க. இருபத்தாறு வருஷம் போச்சு, இனிமேலாவது எங்கம்மா, தடுமாறாம என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடட்டும்'ன்னா."