இல்லாத குளத்துத் தண்ணீர்

"கோடாலியால கேட்டை உடைச்சு உள்ள நுழைஞ்சது நீங்கதானே?"

"நான்தாங்க" என்றார் பான்டெலிஸ்.

"வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து?"

"ஆமாங்க."

"எவ்வளவு எடுத்தீங்க?"

"இருந்தது மொத்தத்தையும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கலீங்க."

அரசு வழக்கறிஞர் சஃபிரிஸ், 'கேட்டீர்களா?' என்பதுபோல் நீதிபதி அம்மாளைப் பார்த்தார். ஒரு திருடனைக்கூட அவர் இத்தனை குடைந்திருக்க மாட்டார். கூண்டில் நின்றவர் அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர். எடுத்தது தண்ணீர்.

ஆகஸ்டில் பைன் காட்டில் பிடித்த தீ, வடக்குக் காற்றோடு சேர்ந்துகொண்டு அடிவாரத்து முதியோர் இல்லத்தை நோக்கி இறங்கியது. வண்டியில் தண்ணீர் தீர்ந்துபோகவே, பான்டெலிஸ் பக்கத்துப் பங்களா கேட்டை உடைத்து உள்ளே இருந்த தண்ணீரில் மோட்டாரைப் போட்டார். கிழவர் கிழவிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர்கள் பிழைத்ததைப் பற்றிச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை, கேட் உடைந்ததைப் பற்றி மூன்று பிரிவுகள் இருந்தன.

தண்டனை விழுந்தால் பான்டெலிஸுக்கு வேலை போகும், ஓய்வூதியமும் கூடவே போகும்.

"தண்ணி போனாப் போகட்டும், அது ஆலிவ் மரத்துக்குக் கட்டின தொட்டி. ஆனா கேட்டு இத்தாலியிலேருந்து வரவழைச்சதுங்க" என்று அங்கலாய்த்தார் பங்களாவின் சொந்தக்காரர், ஏதென்ஸ்காரர் வர்தாகிஸ்.

"நீல ஓடு பதிச்சு, இறங்க ஏணி வச்சு, நடுவுல ரப்பர் வாத்து மிதந்துச்சுங்க. ஆலிவ் மரம் நீச்சலடிக்குமா?" என்றார் பான்டெலிஸ்.

நீதிமன்றமே சிரித்தது. அந்த மலையில் நீச்சல் குளம் கட்ட அனுமதி கிடையாது. அதனால் காகிதத்தில் எல்லாமே தொட்டிதான், அதுவும் பாதிப் பேருக்குக் காகிதமும் கிடையாது.

சஃபிரிஸ் விடுவதாக இல்லை. "மதில் ரெண்டாள் உயரம். உள்ள தண்ணி இருக்குன்னு எப்படித் தெரியும்? முன்கூட்டியே நோட்டம் விட்டீங்களா?"

"அன்னைக்குக் காலையில, காத்து ஏறுறதுக்கு முன்னாடி, ஹெலிகாப்டர்ல ஒரு சுத்து சுத்தினேங்க. மேலேருந்து எல்லாக் குளமும் தெரியுது. பச்சை வலை போட்டு மூடியிருந்தாலும் தெரியுது."

"மலை முழுக்கவா பார்த்தீங்க?"

"முழுக்க."

"மேற்குச் சரிவுலயும்?"

"அங்கதான் இன்னும் ஜாஸ்திங்க."

சஃபிரிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுந்தது பான்டெலிஸின் வக்கீல் மெல்ப்போ. பெண்ணுக்கு இதுதான் முதல் வழக்கு, ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். "நாளைக்கு உங்க அம்மா எழுந்திரிக்க முடியாம அந்த இல்லத்துக் கட்டில்ல கிடந்தா, ஏதென்ஸ்லேருந்து சாவி வரட்டும்னு காத்திருப்பீங்களா?" என்று அவள் தழுதழுக்க, பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அரசுத் தரப்பின் முடிவைச் சொல்ல சஃபிரிஸ் மெல்ல எழுந்தார். குரல் கம்மியது.

"மனுஷ உயிருக்கு முன்னாடி ஒரு கேட்டு எம்மாத்திரம்? அரசுத் தரப்பே கேட்டுக்குது, இவரை விடுதலை பண்ணிடுங்க."

வர்தாகிஸ் திறந்த வாயை மூடவில்லை. நீதிபதி அம்மாள் விடுதலை என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே மெல்ப்போவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தீங்களா சார், அந்த ஆளையே கலங்க வச்சுட்டேன்" என்றாள். பான்டெலிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். நாட்டில் நியாயம் இன்னும் செத்துவிடவில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவள் காபி வாங்கப் போன நேரத்தில் சஃபிரிஸ் படியிறங்கி வந்தார். பான்டெலிஸின் தோளில் கைபோட்டுத் தூணோரம் ஒதுக்கினார், இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"அடுத்த தடவை என் வீட்டு கேட்டையும் உடைச்சிடாதீங்க, சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு."