மைக்கை அணைத்தபின் சொன்ன ஆறுதல்

மேஜையின் தலைப்பக்கத்தில் மேலாளர், அவருக்கு வலப்புறம் அவர் கீழ் வேலை பார்க்கும் அவள், எதிர்ச்சுவரின் திரையில், தன் வீட்டிலிருந்தபடி, வாடிக்கையாளர் அம்மா. அந்த அம்மாவுக்கான வேலை முடிவது தள்ளிப்போகும் என்று போன மாதமே அவள் மேலாளரிடம் சொல்லியாயிற்று. வாடிக்கையாளரோடு அவர் ஒருவர்தான் பேசுவது அங்கே வழக்கம். "எங்ககிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்கிறார் திரையிலிருக்கும் அம்மா. "என்கிட்டயே இவங்க மறைச்சுட்டாங்கம்மா" என்று கூசாமல் அவளைக் காட்டுகிறார் மேலாளர். "அப்போ இவங்க இந்த வேலையில வேண்டாம்" என்கிறார் அந்த அம்மா. மேலாளர் மைக்கை அணைத்துவிட்டு அவள் பக்கம் குனிகிறார். "கோச்சுக்காதம்மா, உன்னைக் கூடப்பிறந்தவளாத்தான் நினைக்கிறேன்." "கூடப்பிறந்தவளை இப்படித்தான் காட்டிக்கொடுப்பீங்களா, அண்ணே?" ஜன்னல் வெயில் வழுக்கையில் பளபளக்க, அவர் காபியை உறிஞ்சுகிறார். அவள் நடந்ததை நாலு வரி மின்னஞ்சலாகத் தட்டுகிறாள். வாடிக்கையாளருக்கு, நகல் மேலாளருக்கு. "ஏய், இரும்மா" என்று அவர் கை நீட்டுவதற்குள் அனுப்பிவிடுகிறாள். திரையில் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்கிறார்.