தனி மீட்டர்

பச்சை விளக்கு எரியவில்லை.

அவள் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள். சோப்புக் கட்டி அளவில் இரண்டு வெள்ளை டப்பாக்கள். ஒன்று கீழே ஹாலில், ஒன்று மாடியறை பிளக்கில். வீட்டுக் கரண்ட் ஒயரிலேயே நெட்டும் மேலே போய்விடும், சுவரைத் துளைக்க வேண்டாம் என்றுதான் நெட் போட வந்த பிரதாப் சொன்னார்.

போகவில்லை.

பூங்கொடிக்கு நிம்மதியாக இருந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வைஃபை கான்கிரீட்டைத் தாண்டி மாடிக்கு ஏறாது. அதனால் அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி தினமும் சாயங்காலம் லேப்டாப்போடு கீழே இறங்கி வருவார். பனியன் கம்பெனி வேலை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவார். அவள் அடுப்படியில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பாள். அவர் இருமினால் தண்ணீரை நகர்த்தி வைப்பாள்.

குடும்பம் என்று மிச்சமிருந்தது அவ்வளவுதான். நெட் மேலே போனால் அதுவும் போய்விடும்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து பஞ்சாயத்தாவது பண்ணியிருப்பார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, வேலை இருக்கிறது என்று அவர் மாடிக்குப் போனார். பிறகு தலையணை போனது. பிறகு வேட்டி, துண்டு. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

மாடி பிளக்கைப் பார்த்துவிட்டு ஈஸ்வரமூர்த்தி வெளிப்படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். அங்கேயும் விளக்கு எரியவில்லையாம்.

பிரதாப் நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, மேலயும் கீழயும் ஒரே மீட்டருங்களா?"

"இல்லீங்க. ரெண்டு."

"அட, அதான் பாருங்க. லைன் வேற வேற. இது மீட்டரைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதுங்க."

அந்த இரண்டாவது மீட்டர் அவள் யோசனை. நூறு யூனிட் இலவசம் இரண்டு தடவை கிடைக்கும் என்று தெருவே செய்ததை அவர்களும் செய்தார்கள். மாடியில் தனிக்குடித்தனம் இருப்பதாகக் காட்ட வேண்டும். தனி வாசல் வேண்டும், தனிச் சமையல் வேண்டும். அவள் பழைய அடுப்பையும் நாலு பாத்திரத்தையும் மேலே கொண்டுபோய்ப் பரப்பினாள். உள்படிக்கட்டின் கதவைச் சாத்தி, அது தெரியாமல் இருக்க இரும்பு பீரோவை அதன் முன்னால் நகர்த்தினார்கள். ஈ.பி.யிலிருந்து பார்க்க வந்தவரிடம், மேலே பனியனோடு நின்ற புருஷனைக் காட்டி, "எங்க வீட்டுக்காரரோட அண்ணனுங்க, தனியாத்தான் பொங்கித் திங்கறார்" என்றாள்.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அன்றைக்கு ராத்திரி, "அண்ணனுக்கு இன்னொரு தோசைங்களா?" என்று தட்டில் போட்டாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று சொன்னதில் ஒன்றுகூட இன்று பொய் இல்லை. அந்த அடுப்பில்தான் அவர் இப்போது உப்புமா கிண்டுகிறார்.

பிரதாப் உள்கதவைக் கண்டுபிடித்துவிட்டார். பீரோவின் பக்கவாட்டில் தலையை நுழைத்துப் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்குதுங்க. இதை நகத்திக் கதவைத் திறந்து விட்டீங்கன்னா, படியில ஒரு வைஃபை டப்பா மாட்டிரலாம். மேல நல்லா எடுக்கும். கதவு சாத்தியேதான் இருக்கும்னா, மாடிக்குன்னு புதுசா ஒரு கனெக்ஷன் வாங்கிக்கணும்."

ஈஸ்வரமூர்த்தி பீரோவைப் பார்த்தார். அவளும் பீரோவைப் பார்த்தாள்.

"பீரோ கனமுங்க" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அதனாலென்னங்க? அண்ணன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் புடிச்சா நகந்துரும்."

யாரும் நகரவில்லை.

தானும் கைகொடுக்கலாம் என்று பிரதாப் ஒரு எட்டு வைத்தார். இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டார்.

கணவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவள் சொல்வாள் என்று அவரும் காத்திருந்திருக்கலாம்.

"தனி கனெக்ஷனே போட்டுருங்க" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "எதுக்குச் சிரமம்."

வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. வலிக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நாளைக்குக் கேபிள் இழுக்க ஆள் வரும் என்று சொல்லி, டப்பாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு பிரதாப் கிளம்பினார். மாடிக்குப் போக, வாசலில் ஈஸ்வரமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் பீரோவிடம் போனாள்.

எதையும் முடிவு செய்துகொண்டு போகவில்லை. இடது பக்கமாக நின்று இரண்டு கையாலும் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அவரை வாய்விட்டுக் கூப்பிட்டு எத்தனை மாதம் என்று நினைவில்லை. தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது என்பதையெல்லாம் பொதுவாகக் காற்றிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏனுங்க!"

பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

வெளிப்படிக்கட்டில் செருப்புச் சத்தம் நின்றது.

அவள் ஒரு பக்கத்தைப் பிடித்தபடியே நின்றாள்.