மேட்டுக்கு இந்தப் பக்கம்

"ஏலே மணிராஜா, பைய ஆட்டு. புயலடிச்ச மாதிரி ஆட்டாத," என்று பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள் முத்துராணி.

உச்சியில், ஓலைகளுக்குள் ஒளிந்திருந்த அவள் தம்பி, "எக்கா, கை கடுக்குது. ஜீப்பு எப்ப வரும்?" என்று கத்தினான்.

"அந்தா வருது. வாயப் பொத்திக்கிட்டு ஆட்டு."

திசையன்விளைப் பக்கமெல்லாம் வெளிநாட்டுக் காற்றாலைகள் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூற்றைந்தாம் வருஷம். தேரி என்னும் செம்மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் காற்று ஆளையே தள்ளும். இந்தப் பக்கம், முத்துராணியின் நிலத்தில், ஆடி மாதத்தில்கூட ஓலை அசையாது. அந்த நிலத்தை விற்றால்தான் மகள் சுடலைவடிவை நர்ஸ் படிப்பில் சேர்க்க முடியும்.

கோயம்புத்தூர் மில் ஒன்றின் மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"பெரிய லாரி இங்க வருமுங்களா?"

"தாராளமா வரும்யா," என்றான் அவள் கணவன் கொம்பையா. "அந்தப் பனையப் பாருங்க. ஓலை என்னமா ஆடுது."

மேனேஜர் பார்க்கவில்லை. "பட்டா உங்க பேர்லதானுங்களே?"

முத்துராணிக்கு வியப்பாக இருந்தது. காற்றாலை வைக்க வந்த மனுஷன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

மேனேஜர் கைக்கடிகாரத்தில் தேதி பார்த்தார். "நாளைக்கே பத்திரம் பண்ணிரலாமுங்க. ஆனா இந்தப் பனை இருந்தா லாரி திரும்பாது. டிரைவர், கோடாலிய எடுப்பா."

முத்துராணி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, வெட்டிராதீக. மேல என் தம்பி இருக்கான். இங்கன காத்தே கெடையாது. அவன்தான் ஆட்டுதான்."

கொம்பையா தலையில் கைவைத்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது.

மேனேஜர் முதன்முறையாக மேலே பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அழாதீங்கம்மா. நிலம் எங்களுக்குத்தான். காத்து யாருக்கு வேணும்? மார்ச் முடியறதுக்குள்ள காத்தாலை ஒண்ணு நட்டுட்டா எங்க மொதலாளிக்கு வரி குறையும். மில்லு எப்பவும்போல டீசல்லதான் ஓடும்."

இந்தப் பேச்சு எட்டாத உயரத்தில், மணிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் காற்று வீசிக்கொண்டிருந்தான்.