கோடு நனையுது

ஆற்றங்கரையில் ஓர் அளவுக்கல் நின்றது. தண்ணீர் அதன் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் கல்லின் குரல் மெல்லியது. பக்கத்தில் மேயும் ஆள்காட்டிக் குருவிக்கு மட்டும்தான் கேட்கும்.

குருவியோ நாய் தும்மினாலும் கத்துவாள். கண் திறக்காத நாலு குட்டிகளை வைத்திருந்த எலி, பிள்ளைகள் தூங்கட்டும் என்று வளையின் வாயில் வைக்கோலை அடைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் கல் சொன்னது: "ஆள்காட்டி, கோடு நனையுது."

குருவி கத்தினாள்.

"ஆரம்பிச்சுட்டா," என்று பக்கத்து வளையில் பெருச்சாளி புரண்டு படுத்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

குருவி கத்துவதை நிறுத்தினாள். நடந்தே வந்து எலியின் வைக்கோலைப் பிடுங்கினாள்.

"என்னை நம்ப வேண்டாம் தங்கச்சி. நீயே வந்து கல்லைப் பாரு."

எலி பார்த்தாள். தண்ணீர் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். வாயில் குட்டி இருந்ததால் யாரையும் கூப்பிட முடியவில்லை. வழியிலிருந்த வளைகளையெல்லாம் வாலால் தட்டிக்கொண்டே போனாள். நாலு குட்டிக்கு நாலு நடை. நாலு நடையும் தட்டினாள். கடைசி நடையில் பெருச்சாளியும் தன் பிள்ளைகளோடு பின்னால் வந்தது.

வெள்ளம் வடிந்தபோது கல் முழுக்கச் சேறு. எலி குட்டிகளோடு இறங்கி வந்து, கல்லின் மேல் ஏறி, வாலால் துடைக்கத் தொடங்கினாள்.

"விடு தாயி," என்றது கல். "அடுத்த மழை தானா கழுவிடும்."

"அடுத்த மழைக்கு முன்னாடி கோடு தெரியணும் அண்ணே," என்றாள் எலி.